டர்பன் சரக்கு எங்கே நிற்கிறது? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குச் சரக்கு வரவழைக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் சிறிய இறக்குமதியாளர்கள். சாட்ஸ்வொர்த்தில் துணிக்கடை நடத்துபவர், ஃபீனிக்ஸில் பூசைப் பொருள் விற்பவர், கருங்கல் சிலைக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுக் கும்பாபிஷேக நாளை எண்ணிக்கொண்டிருக்கும் கோயில் நிர்வாகக் குழு என்று அவர்களை வரிசைப்படுத்தலாம். சரக்கு வராதபோது இவர்கள் அனைவரும் சுங்க அனுமதி பெற்றுத் தரும் எங்கள் கிளியரிங் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் கேள்வி, "சரக்கு எங்கே இருக்கிறது?" என்பதே. பல ஆண்டுகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி நான் அறிந்துகொண்டது என்னவென்றால், சரக்கு இருக்கும் இடம் தெரிவதால் பிழை நீங்குவதில்லை. இந்த நிமிடத்தில் அது யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது என்பது தெரிந்தால்தான் நீங்கும்.

ஃபார்வர்டர் எனப்படும் சரக்கு அனுப்பு முகவரிடம் பெரும்பாலும் சொந்தக் கப்பல் இருப்பதில்லை. துறைமுகமும் சுங்கமும் அவர் அதிகாரத்தில் இல்லை. கப்பல் நிறுவனத்திடம் இடம் வாங்குவது, ஏற்றுமதித் தாள்களை ஒழுங்கு செய்வது, பலருடைய சிறு சரக்குகளை ஒரே கன்டெய்னரில் சேர்ப்பது, இறங்கும் ஊரிலுள்ள தம் கூட்டாளி முகவருக்குத் தகவல் அனுப்புவது ஆகியவையே அவருடைய வேலை. ஆகவே சரக்கு, தாள், பணம் என்ற மூன்றும் மூன்று தனித்தனி வழிகளில் பயணம் செய்கின்றன. கீழே நான் சொல்லும் ஒவ்வொரு அறிகுறியிலும் இந்த மூன்றில் எது பின்தங்கியது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பெரும்பாலும் பின்தங்கியிருப்பது தாள்தான். டர்பன் துறைமுகத்தில் வெளிப்படும் பிழை, அநேகமாக ஐந்தாறு வாரங்களுக்கு முன் அனுப்புபவருடைய மேசையில் பிறந்ததாக இருக்கும்.

அறிகுறி: "இந்தக் கப்பலில் ஏறவில்லை, அடுத்த கப்பலில் வரும்" என்கிறார்கள்

இடம் பதிவு செய்திருப்பதனாலேயே சரக்கு ஏறியே தீரும் என்று சொல்ல முடியாது. பதிவு செய்தவர்களில் சிலர் வராமல் போவார்கள் என்று கணக்கிட்டுக் கப்பல் நிறுவனங்கள் இருக்கும் இடத்துக்கு மேலாகவே பதிவு எடுக்கின்றன. எல்லோரும் வந்துவிட்டால் சிலருடைய கன்டெய்னர் கரையிலேயே நின்றுவிடும். இது உங்கள் பிழையன்று. ஆனால் இதைக் காரணமாகச் சொல்லி வேறொரு பிழையை மறைப்பதும் உண்டு. எனவே மூன்று நேரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கன்டெய்னர் துறைமுக வாயிலுக்குள் நுழைந்த நேரம், தாள்களைச் சமர்ப்பித்த நேரம், சரிபார்த்த மொத்த எடையை அறிவித்த நேரம். 2016 ஜூலை 1 முதல், கடற்பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையின்படி, சரிபார்த்த எடை அறிவிக்கப்படாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இறுதி நேரத்தைத் தாண்டியிருந்தால், தாமதத்துக்கான செலவை அனுப்புபவரோ அவருடைய முகவரோ ஏற்க வேண்டும் என்று நீங்கள் வாதிடலாம். மூன்றும் நேரத்துக்கு நடந்திருந்தும் ஏறவில்லை என்றால் கப்பலில் இடமில்லாமல் போயிருக்கிறது என்றே கொள்ளலாம். அடுத்த கப்பலின் பெயரையும் பயண எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்வதைத் தவிர அப்போது செய்வதற்கு அதிகமில்லை.

பூசைப் பொருள் வரவழைப்பவர்களுக்கு மட்டும் இங்கே இன்னொரு காரணம் உண்டு. கற்பூரம் எரியக்கூடிய திடப்பொருள். அபாயகரமான சரக்குகளுக்கான ஐக்கிய நாடுகள் வகைப்பாட்டில் செயற்கைக் கற்பூரத்துக்கு 2717 என்ற எண்ணும் 4.1 என்ற பிரிவும் தரப்பட்டுள்ளன. "பூசைச் சாமான்" என்று பொதுப்பெயரில் எழுதிய பெட்டிக்குள் பத்துக் கிலோ கற்பூரம் இருப்பது சேகரிப்புக் கிடங்கில் தெரியவந்தால் அந்தப் பெட்டி மட்டும் நிற்பதோடு முடியாது. அதே கன்டெய்னரில் சரக்கு வைத்திருக்கும் மற்ற பத்துப் பேருடைய பயணமும் தள்ளிப்போகலாம். மத்தாப்பும் பட்டாசும் வெடிபொருள் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றுக்கான அனுமதிகள் வேறு. ஊதுபத்தியோடும் குங்குமத்தோடும் சேர்த்து ஒரு மூலையில் வைத்துவிடலாம் என்று அனுப்புபவர் நல்லெண்ணத்தில் செய்வதுதான் இது. ஆனால் நடுக்கடலில் தீ மூண்டால் கப்பலில் வேலை செய்யும் மனிதர்களின் உயிருக்கு ஆபத்து. கற்பூரத்தைத் தனியாக அறிவித்து, அதற்குரிய பொதியிலும் தாளிலும் அனுப்பச் சொல்லுங்கள். இயலாவிட்டால் டர்பனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இணையத்தில் தேடினால் பல நாட்களாக ஒரே இடத்தைக் காட்டுகிறது

முதலில் எண்ணைச் சரிபாருங்கள். கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், ஓர் இலக்கம் மாறி எழுதப்பட்டிருந்தாலும் கணக்கு ஒத்துவராது. எல்.சி.எல். எனப்படும் பகிர்வுச் சரக்காக இருந்தால், உங்களிடம் உள்ள ஹவுஸ் பில் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பயனில்லை. அது ஃபார்வர்டர் உங்களுக்குக் கொடுத்த சீட்டின் எண். கப்பல் நிறுவனம் அறிந்திருப்பது ஃபார்வர்டருக்குத் தான் கொடுத்த மாஸ்டர் பில் எண்ணை மட்டுமே. மாஸ்டர் பில் எண்ணையும் கன்டெய்னர் எண்ணையும் தருவதற்குத் தயங்கும் முகவரிடம், ஏன் தயங்குகிறார் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

எண் சரியாக இருந்தும் நிலை மாறவில்லை என்றால், சரக்கு பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறுவதற்காகக் காத்திருக்கும். தமிழ்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து சிறு கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே ஆப்பிரிக்கா நோக்கி வரும் பெரிய கப்பலில் ஏறுவது வழக்கமான பாதைகளில் ஒன்று. பெரிய கப்பல் வாரத்துக்கு ஒன்று என்றால், சிறு கப்பல் அரை நாள் தாமதமானாலும் ஒரு வாரம் போய்விடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைத் தாக்கிய வாரத்தில் அங்கிருந்து கிளம்ப வேண்டியவை எல்லாம் நின்றுபோயின. தைப்பூசக் காவடிக்கு வேண்டிய பொருள்கள் அந்தப் பருவத்தில்தான் கடலைக் கடக்கின்றன என்பதை நினைவில் வைத்து, அக்டோபருக்கு முன்பே அவற்றைக் கிளப்பிவிடுவது நல்லது.

அறிகுறி: கப்பல் வந்துவிட்டது என்கிறார்கள், சரக்கு கிடைக்கவில்லை

"வந்துவிட்டது" என்ற சொல்லுக்கு டர்பனில் நான்கு பொருள் உண்டு. கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கலாம். பியர் 2 முனையத்தில் கட்டப்பட்டிருக்கலாம். கன்டெய்னர் இறக்கப்பட்டு அடுக்கில் இருக்கலாம். பகிர்வுச் சரக்கானால் கன்டெய்னர் டிப்போவுக்குப் போய்ப் பிரிக்கப்படுவதற்காகக் காத்திருக்கலாம். இந்த நான்கில் எது என்று கேட்காமல் லாரியை ஏற்பாடு செய்துவிடாதீர்கள்.

வெளியே நங்கூரமிட்டு நிற்பது டர்பனுக்குப் புதிதன்று. பலத்த காற்று வீசினால் கிரேன்களை நிறுத்திவிடுவார்கள். 2021 ஜூலையில் கலவரத்தால் ஜோகன்னஸ்பர்க் செல்லும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டது. அதே மாதம் துறைமுகத்தை நடத்தும் டிரான்ஸ்நெட் நிறுவனத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அடுக்கி வைத்திருந்த கன்டெய்னர்கள் சாலைக்கு அடித்து வரப்பட்டதை நாம் கண்ணால் பார்த்தோம். அந்த ஆண்டு அக்டோபரில் வேலைநிறுத்தம் நடந்தது. 2023 இறுதியில் பல பத்துக் கப்பல்கள் வெளியே காத்துக் கிடந்தன. இத்தகைய நெரிசலின்போது சில கப்பல்கள் டர்பனைத் தாண்டிக் கேப் பகுதித் துறைமுகங்களுக்குச் சென்று, சரக்கைப் பிறகு வேறு வழியில் திருப்பி அனுப்புகின்றன. உங்கள் கன்டெய்னர் கேப் டவுனில் இறங்கியதாகக் காட்டினால் பதறாமல், அதை டர்பனுக்குக் கொண்டுவரும் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை முதலில் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

காத்திருக்கும் நாட்களை வீணாக்க வேண்டாம். கப்பல் வந்து சேருவதற்கு முன்பே சுங்கத் தாள்களைச் சமர்ப்பிக்க முடியும். சமர்ப்பித்து அனுமதி பெற்று வைத்திருந்தவரின் கன்டெய்னர் இறங்கிய மறுநாளே பேஹெட் சாலை வழியாக வெளியேறுவதையும், கப்பல் கட்டப்பட்ட பிறகு இன்வாய்ஸைத் தேடத் தொடங்கியவரின் கன்டெய்னர் கட்டணமின்றி வைக்க அனுமதிக்கும் இலவச நாட்கள் முடிந்தும் அடுக்கிலேயே இருப்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: "ஒரிஜினல் பில் இல்லாமல் விடுவிக்க முடியாது"

நம்மவர்கள் அதிகப் பணத்தையும் மனநிம்மதியையும் இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பில் ஆஃப் லேடிங் எனப்படும் கப்பல் சரக்குச் சீட்டு ரசீதாகவும், ஒப்பந்தத்தின் சான்றாகவும், சரக்கின் உரிமையைக் காட்டும் தாளாகவும் ஒரே நேரத்தில் பயன்படுகிறது. அசல் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவரே சரக்கைக் கேட்க முடியும். அதனால்தான் மீதிப் பணம் வரும்வரை அனுப்புபவர் அசலைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். அது அவருடைய நியாயமான பாதுகாப்பு. மீதிப் பணம் கட்டாத நிலையில் டர்பன் முகவரோடு சண்டையிட்டு ஒரு பயனும் இல்லை.

பணம் கட்டியாயிற்று, ஆனாலும் விடுவிக்கவில்லை என்றால், எந்த வகைச் சீட்டு என்று பாருங்கள். கடல் வே-பில் என்றால் அசலே தேவையில்லை; பெறுநர் தம் அடையாளத்தைக் காட்டினால் போதும். டெலக்ஸ் ரிலீஸ் என்று சொல்லப்பட்டால், அனுப்புபவர் அசல் சீட்டுகளை ஏற்றுமதித் துறைமுகத்தில் ஒப்படைத்துவிட்டார், அங்குள்ள முகவர் இங்குள்ள முகவருக்கு விடுவிக்கும்படி செய்தி அனுப்பியிருக்கிறார் என்று பொருள். அந்தச் செய்தி உண்மையாகவே டர்பனை வந்தடைந்ததா என்று இங்குள்ள முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள். "நேற்றே அனுப்பிவிட்டோம்" என்று சென்னையில் சொல்லப்படுவதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். சீட்டில் பெறுநர் இடத்தில் "ஆணைப்படி" என்று எழுதியிருந்தால், அசலின் பின்புறத்தில் உரியவருடைய முத்திரையும் கையொப்பமும் இருக்க வேண்டும். அது விடுபட்ட அசல் கூரியரில் உங்கள் கைக்கு வந்திருந்தும் செல்லாது. திரும்பச் சென்னைக்குப் போய்த்தான் வர வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தடை நீடித்தால், ஹவுஸ் பில்லுக்கும் மாஸ்டர் பில்லுக்கும் நடுவில் சிக்கல் இருக்கிறது. உங்கள் ஹவுஸ் பில்லில் கப்பல் கட்டணம் செலுத்தியாயிற்று என்று எழுதியிருக்கும். ஆனால் சென்னை ஃபார்வர்டர் கப்பல் நிறுவனத்துக்கு அதைச் செலுத்தாமலிருக்கலாம், அல்லது டர்பனில் உள்ள தம் கூட்டாளிக்குப் பழைய பாக்கி வைத்திருக்கலாம். நீங்கள் இரண்டாம் முறை பணம் கட்டினால்தான் சரக்கு வரும் என்ற நிலையும் ஏற்படுவதுண்டு. எங்களிடம் வந்த ஒரு கோயில் குழு, மிகக் குறைந்த விலை சொன்ன ஒரு முகவரிடம் சிலைகளை ஒப்படைத்திருந்தது. அவர் வாங்கிய பணம் கப்பல் நிறுவனத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. கடைசியில் குழுவே கப்பல் கட்டணத்தை மறுபடி செலுத்திச் சிலைகளை மீட்டது. அந்த நாளில் அந்தப் பெரியவர்களின் முகங்களை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: சரக்கு கிளம்பிய வாரமே மாஸ்டர் பில்லின் நகலைக் கேளுங்கள். விலைப் பகுதியை மறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. கட்டணம் அங்கே செலுத்தப்படுவதா இங்கே வசூலிக்கப்படுவதா என்ற ஒரு வரி தெரிந்தால் போதும்.

அசல் தொலைந்தே போனால், சரக்கின் மதிப்புக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி உத்தரவாதம் தந்து ஈட்டுறுதிக் கடிதத்தின் பேரில் பெறும் வழி உண்டு. ஆனால் சிறு வணிகரின் பணம் அதில் நெடுநாள் முடங்கிவிடும். பணப் பாக்கி இல்லாத, பழகிய விற்பனையாளரிடம் வாங்கும்போது தொடக்கத்திலேயே வே-பில் கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: சார்ஸ் நிறுத்தி வைத்திருக்கிறது

தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையான சார்ஸ், அறிவிக்கப்பட்ட சரக்குகளில் சிலவற்றைத் தேர்ந்து தாள்களைக் கேட்கும். அதிலும் நிறைவு இல்லையென்றால் பெட்டியைத் திறந்து பார்க்கும். தாள் கேட்டிருக்கிறார்களா, நேரில் சோதிக்கப் போகிறார்களா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தாள் என்றால் இன்றே கொடுக்க முடியும். நேர்ச் சோதனை என்றால் கன்டெய்னரை டிப்போவுக்கு இழுப்பது, பிரிப்பது, மீண்டும் அடுக்குவது எல்லாம் இறக்குமதியாளர் செலவில் நடக்கும். அதற்கு நாளும் பிடிக்கும்.

தாள் கேட்பதற்கு முதற்காரணம் தெளிவில்லாத விவரிப்பு. "கைவினைப் பொருள்கள், 14 பெட்டி" என்ற இன்வாய்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் வரி வகையைத் தீர்மானிக்க முடியாது. என்ன பொருள், எதனால் செய்தது, எத்தனை, ஒன்றின் விலை என்ன என்று ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். துணி வணிகர்களுக்கு இது உயிர்நாடி. தைத்த ஆடைகளுக்குச் சுங்க வரி 45 விழுக்காடு வரை போகும். நெய்த துணிக்கு அதில் ஏறக்குறைய பாதிதான். வெட்டாத சேலை, தைத்த ரவிக்கையோடு கூடிய சேலை, தைத்த பாவாடை ஆகிய மூன்றையும் "பெண்கள் உடை" என்ற ஒரே வரியில் எழுதி அனுப்பினால், வகைப்பாட்டைப் பற்றிய கேள்வி வந்தே தீரும். ஒரே வகைப் பொருளைத் தொடர்ந்து வரவழைப்பவர், சரக்கு வருவதற்கு முன்பே சார்ஸிடம் எழுத்து வடிவில் வகைத் தீர்ப்பைப் பெற்றுக்கொள்ளலாம். அந்த உழைப்பு வீண்போகாது.

இரண்டாவது காரணம் மதிப்பு. இந்தியா சுங்க மதிப்பில் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்க்கிறது. தென்னாப்பிரிக்கா அவற்றை நீக்கி, கப்பலில் ஏற்றும்வரை ஆன மதிப்பையே அடிப்படையாகக் கொள்கிறது. சி.ஐ.எஃப்., அதாவது கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த விலையில் வந்த இன்வாய்ஸில் அவை தனித்தனியாகப் பிரித்துக் காட்டப்படவில்லை என்றால், அவற்றுக்கும் சேர்த்து வரி கட்ட நேரிடும். ஒரு கணக்கைப் பார்ப்போம். பொருளின் மதிப்பு 1,00,000 ராண்ட், சுங்க வரி 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வரி 20,000 ராண்ட். மதிப்புக்கூட்டு வரிக்காக மதிப்போடு 10 விழுக்காட்டையும் சுங்க வரியையும் கூட்ட வேண்டும்: 1,30,000. அதில் 15 விழுக்காடு 19,500. மொத்தம் 39,500 ராண்ட். கட்டணமும் காப்பீடும் 15,000 ராண்ட் என்று கொண்டு, அதைப் பிரிக்காமல் 1,15,000 என்றே அறிவித்தால், சுங்க வரி 23,000, மதிப்புக்கூட்டு வரி 22,425, மொத்தம் 45,425. இன்வாய்ஸில் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டாததற்கு 5,925 ராண்ட் செலவு. மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்த வணிகர் அந்த வரியைத் திரும்பப் பெறலாம். சுங்க வரி திரும்ப வராது.

மதிப்பைக் குறைத்து இரண்டாவது இன்வாய்ஸ் போட்டுத் தருவதாக விற்பனையாளர் சொன்னால் மறுத்துவிடுங்கள். வங்கி வழியாகச் சென்ற பணமும் அறிவித்த மதிப்பும் ஒத்துப்போகாதபோது சரக்கையே பறிமுதல் செய்ய இடமுண்டு. 1964ஆம் ஆண்டின் 91ஆம் எண் சுங்கச் சட்டத்தின்படி, பொதுவாகச் சரக்கு வந்த ஏழு நாட்களுக்குள் அறிவிப்புச் செய்தாக வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அறிகுறி: சார்ஸ் விட்டுவிட்டது, ஆனாலும் நிற்கிறது

இப்போது தடை வேறொரு துறையிடம் இருக்கிறது. உணவுப் பொருள், மருந்துப்பொருள், அழகுப்பொருள் என்றால் துறைமுக சுகாதாரப் பிரிவு; விதை, இலை, மரம் என்றால் வேளாண்மைத் துறை; நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களுக்குக் கால்நடைப் பிரிவின் இறக்குமதி அனுமதி; பயன்படுத்திய பழைய பொருள்களுக்கு இட்டாக் எனப்படும் பன்னாட்டு வர்த்தக நிர்வாக ஆணையத்தின் அனுமதி. இவற்றில் பல, சரக்கு கிளம்புவதற்கு முன்பே பெற வேண்டியவை. வந்த பிறகு விண்ணப்பித்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதோ அழிப்பதோதான் முடிவு.

சிலைகளும் தேர்ச் சிற்பங்களும் மரக்கூடுகளில் வருவதால் பலரும் கவனிக்காத ஒன்று அந்தக் கூட்டின் மரம். மரத்தின் மையம் உட்பட 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் பதப்படுத்தி, அல்லது மெத்தில் புரோமைடு புகையூட்டி, கோதுமைக் கதிர் படம் கொண்ட முத்திரையைக் கூட்டின் மீதே பதித்திருக்க வேண்டும். சான்றிதழ் மட்டும் இருந்து முத்திரை இல்லாமல் வந்த கூடு நிற்கும். கூடு அடித்து முடித்ததும் முத்திரையின் புகைப்படத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் அதற்குத் தாங்கலாக அடித்த கட்டைகளுக்குப் பொருந்தும்.

சிலை வாங்குவோருக்கு இந்தியப் பக்கத்திலேயே ஒரு தடை உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களை ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே மாமல்லபுரத்தில் நேற்றுச் செதுக்கிய சிலையானாலும், சுவாமிமலையில் வார்த்த ஐம்பொன் மேனியானாலும், அது தொல்பொருள் அன்று என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் பெற்று வைத்திருப்பது பாதுகாப்பு. கும்பாபிஷேகத் தேதியை முடிவு செய்யும் முன் சிற்பியிடம் இதைக் கேளுங்கள்.

அறிகுறி: சொன்ன விலை ஒன்று, வந்த பில் ஒன்று

கப்பல் கட்டணத்தை மட்டும் கேட்டு விலையை ஒப்பிட்டிருப்பீர்கள். டர்பனில் இறக்கும் கட்டணம், டிப்போவில் பிரிக்கும் கட்டணம், தாள் கட்டணம், லாரி எல்லாம் தனி. பகிர்வுச் சரக்கில் கன அளவு, எடை ஆகிய இரண்டில் எது பெரிதோ அதற்குக் கட்டணம். ஒரு கன மீட்டர் ஒரு டன்னுக்குச் சமம். 1.2 கன மீட்டர் கூட்டில் 2,000 கிலோ கருங்கல் சிலை இருந்தால் நீங்கள் செலுத்துவது 1.2 அலகுக்கன்று, 2 அலகுக்கு. விமானத்தில் கணக்கு நேர்மாறாகக் கடிக்கும்: அங்கே ஒரு கன மீட்டரை 167 கிலோவாகக் கொள்வதால், எடை குறைந்த பெரிய மாலைப் பெட்டிகளுக்குப் பில் ஏறிவிடும்.

தாமதக் கட்டணம் வந்திருந்தால், அது மூன்றில் எது என்று பிரித்துப் பாருங்கள். முனையம் தன் இடத்துக்கு வாங்குவது ஸ்டோரேஜ். நிரம்பிய கன்டெய்னர் முனையத்துக்குள் நின்ற நாட்களுக்குக் கப்பல் நிறுவனம் வாங்குவது டெமரேஜ். வெளியே எடுத்துப் போன கன்டெய்னரைக் காலியாக்கித் திருப்பித் தராத நாட்களுக்கு வாங்குவது டிடென்ஷன். சார்ஸ் சோதனையால் நின்ற நாட்களுக்கும் முதல் இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவதில் மட்டும் வாதாட இடமுண்டு: காலிக் கன்டெய்னரைக் கொண்டுபோன லாரியை டிப்போ திருப்பி அனுப்பியிருந்தால், ஓட்டுநர் எடுத்த படமும் நேரம் குறித்த மின்னஞ்சலும் இருக்குமானால், அந்த நாட்களைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டவர்களுக்குக் கழித்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: திறந்தால் உடைந்திருக்கிறது, அல்லது எண்ணிக்கை குறைகிறது

திறப்பதற்கு முன் கதவிலுள்ள சீல் எண்ணைச் சரக்குச் சீட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுப் படமெடுங்கள். எண் மாறியிருந்தால், அது சுங்கச் சோதனைக்குப் பின் போட்ட புதிய சீலா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வந்த பிறகே திறக்கலாம். சேதத்தைக் கண்டால் லாரிக்காரரின் விநியோகத் தாளில் எழுதிவிட்டுக் கையொப்பமிடுங்கள். வெளியே தெரியாத சேதத்துக்கு, சரக்கைப் பெற்ற மூன்று நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1986ஆம் ஆண்டுக் கடல்வழிச் சரக்குச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ள ஹேக்–விஸ்பி விதிகள் அப்படிச் சொல்கின்றன. அறிவிப்புத் தராவிட்டால் உரிமை போய்விடாது; ஆனால் சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும், மறுத்து நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும்.

அதே விதிகள் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை ஒரு பொதிக்கு 666.67 சிறப்பு எடுப்புரிமை (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அலகு, அல்லது கிலோவுக்கு 2 அலகு, இவற்றில் பெரியது என்று வரையறுக்கின்றன. இங்கே சரக்குச் சீட்டின் ஒரு வரி வழக்கையே மாற்றும்: "48 பெட்டிகள்" என்று எழுதியிருந்தால் 48 பொதிகள், "ஒரு கன்டெய்னர்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரே பொதி.

இந்த வரம்பு சிறியது என்பதால் காப்பீடு வேண்டும். விற்பனையாளர் சி.ஐ.எஃப். விலையில் காப்பீட்டையும் சேர்த்துவிட்டார் என்று நம்பி இருப்பவர்கள் அந்தப் பாலிசியை எடுத்துப் படியுங்கள். இன்கோடெர்ம்ஸ் எனப்படும் சர்வதேச வணிகச் சொற்களின் 2020ஆம் ஆண்டு விதிகள், சி.ஐ.எஃப்.-க்கு மிகக் குறைந்த சி பிரிவுக் காப்பீட்டையே கட்டாயமாக்குகின்றன. கப்பல் மூழ்குதல், தீ போன்ற பெரும் விபத்துகளுக்கு அது பணம் தரும். சிலையின் கை உடைந்ததற்கோ, இரண்டு பெட்டி களவு போனதற்கோ தராது. 2024 குளிர்காலத்தில் நம் கரையோரம் சென்ற கப்பல்களிலிருந்து கன்டெய்னர்கள் புயலலையில் கடலில் விழுந்தன. அலையால் அடித்துச் செல்லப்படுவதும் அந்தச் சி பிரிவில் இல்லை. அதைவிட விரிந்த ஏ பிரிவைக் கேட்டு வாங்குங்கள். சரியாகப் பொதிகட்டாததால் வந்த சேதத்தை ஏ பிரிவும் ஏற்காது என்பதால், கூட்டுக்குள் சிலை எப்படிக் கட்டப்பட்டது என்ற படங்களை மூடுவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.

கப்பல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம். சமரசக் கடிதங்கள் போய்வந்துகொண்டிருக்கும்போதே அந்த ஆண்டு முடிந்துவிடும். பத்தாவது மாதத்தில் வழக்கறிஞரிடம் போய், எதிர்த்தரப்பிடமிருந்து கால நீட்டிப்பை எழுத்தில் பெற்றுவிடுங்கள்.